4294967297: ஒரு பெரிய எண்ணின் உள்ளே என்ன இருக்கிறது?

இணைய முகவரிகள் தீர்ந்துவிட்டன, ஒரு மென்பொருளின் எண்ணிக்கை திடீரென்று பூஜ்யத்துக்குப் போய்விட்டது என்ற மாதிரிச் செய்திகளில் 429 கோடி என்ற எண் அடிக்கடி தலைகாட்டும். 400 கோடி, 500 கோடி என்று முழுசாக இல்லாமல் 4294967296 என்று ஏன் வருகிறது என்பது முதல் குழப்பம். அது இரண்டை 32 முறை பெருக்கினால் கிடைப்பது என்று சொல்லிவிட்டால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அதற்கு அடுத்த எண்ணான 4294967297, அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297, அவ்வளவு சுலபமாக விடுவதில்லை. இதைப் பகா எண் என்று ஃபெர்மா என்ற கணித மேதை நம்பினார். ஆய்லர் என்ற இன்னொரு மேதை இல்லை என்று காட்டினார். அந்த இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 90 ஆண்டுகள் போயின. பெரிய எண்களைப் பற்றி இன்று கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஓர் எண்ணுக்குள்ளேயே இருக்கின்றன என்பதால், இதை மட்டும் எடுத்துக்கொண்டு பிரித்துப் பார்ப்போம்.

## தேவைப்படும் சொற்கள்

ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண் அதன் காரணி. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாதது பகா எண்: 2, 3, 5, 7, 11 என்று போகும். ஒன்றைவிடப் பெரிய மற்றவை பகு எண்கள். எந்தப் பகு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். வரிசை மாறலாம், உறுப்புகள் மாறா.

இன்னொரு வசதியும் வேண்டும். 16-ஐ 17-ஆல் வகுத்தால் மீதி 16. 17-க்கு ஒன்று குறைவு என்பதால் இதை மீதி −1 என்றும் சொல்லலாம். கீழே வரும் கணக்குகளில் இந்த −1 பல இடங்களில் கைகொடுக்கும்.

## பக்கத்து வீட்டுக்காரர்கள், ஆனால் உறவினர் இல்லை

அடுத்தடுத்த மூன்று எண்களைப் பாருங்கள்:

- 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537
- 4294967296 = 2³²
- 4294967297 = 641 × 6700417

ஒவ்வொன்றோடும் 1-ஐக் கூட்டினால் அடுத்தது வந்துவிடுகிறது. ஆனால் காரணிகளில் ஒற்றுமை துளியும் இல்லை. முதலாவது ஐந்து வெவ்வேறு பகா எண்களால் ஆனது. நடுவில் இருப்பது இரண்டால் மட்டுமே ஆனது. மூன்றாவதுக்கு ஒரு சிறிய காரணியும் ஒரு பெரிய காரணியும்.

இப்படி ஆவதற்குக் காரணம் உண்டு. ஓர் எண் அடுத்தடுத்த இரு எண்களையும் வகுத்தால் அவற்றின் வித்தியாசமான 1-ஐயும் வகுக்க வேண்டும். ஆகவே பக்கத்து எண்களுக்குப் பொதுக் காரணி இருக்கவே முடியாது. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் 2. இரண்டுமே ஒற்றைப்படை என்பதால் அவற்றுக்கும் பொதுக் காரணி கிடையாது. ஒன்றைக் கூட்டுவது என்பது பெருக்கலின் கண்ணில் எல்லாவற்றையும் கலைத்துப் போடும் வேலை.

இவற்றுக்கு மிக அருகில் உள்ள பகா எண்கள் கீழே 4294967291, மேலே 4294967311. 2³²-க்குக் கீழே மொத்தம் 203280221 பகா எண்கள் இருக்கின்றன, சராசரியாக 21 எண்களுக்கு ஒன்று. ஆக, 4294967297 பகா எண்ணாக இருந்திருந்தால்கூட அதிசயம் ஒன்றுமில்லை. ஃபெர்மா நம்பியதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

## ஃபெர்மா ஏன் அப்படி நினைத்தார்?

இரண்டின் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் எப்போது பகா எண் கிடைக்கும்? அடுக்கில் 1-ஐத் தவிர ஒற்றைப்படைக் காரணி ஏதாவது இருந்தால் கிடைக்கவே கிடைக்காது. எடுத்துக்காட்டாக 2¹² + 1 என்பதை 16³ + 1 என்று எழுதலாம். ஒரு கனத்தோடு ஒன்றைக் கூட்டினால் அது (16 + 1)-ஆல் வகுபடும். அதனால் 4097 = 17 × 241. எஞ்சுவது அடுக்கே இரண்டின் அடுக்காக இருக்கும் எண்கள் மட்டும்தான்: 1, 2, 4, 8, 16, 32 ஆகியவற்றை அடுக்காகக் கொண்டவை. இவற்றைத்தான் ஃபெர்மா எண்கள் என்கிறோம்:

1. 2¹ + 1 = 3
2. 2² + 1 = 5
3. 2⁴ + 1 = 17
4. 2⁸ + 1 = 257
5. 2¹⁶ + 1 = 65537
6. 2³² + 1 = 4294967297

முதல் ஐந்தும் பகா எண்கள். 1640-இல் பியர் டி ஃபெர்மா இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்களே என்று எழுதினார். நிரூபணம் கைவசம் இல்லை என்பதையும் அப்போது மறைக்கவில்லை.

ஆறாவதைச் சோதித்துப் பார்த்திருக்கலாமே என்று தோன்றும். முழுமையாகச் சோதிக்க 4294967297-இன் வர்க்கமூலம் வரை, அதாவது 65536 வரை, உள்ள பகா எண்களால் எல்லாம் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை 6542. கையால் செய்கிற யாரும் தயங்குவார்கள். ஆனால் 641 என்பது வரிசையில் 116-ஆவது பகா எண்தான். 6542-ஐ நினைத்து மலைக்காமல் ஆரம்பித்திருந்தால் நூற்றுச் சொச்சம் வகுத்தல்களில் விடை வந்திருக்கும்.

## ஆய்லர் தேடிய விதம்

1729-இன் கடைசியில் கோல்ட்பாக் என்ற கணிதர், ஃபெர்மாவின் ஊகம் உண்மையா என்று ஆய்லரைக் கேட்டு எழுதினார். 1732-இல் ஆய்லர் 641 என்ற விடையைச் சொன்னார். ஏன் அந்த எண் என்பதற்கான விளக்கத்தைப் பிறகு வேறொரு கட்டுரையில்தான் எழுதினார். அந்த விளக்கம்தான் சுவையான பகுதி, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இரண்டின் அடுக்குகளை ஒரு பகா எண்ணால் வகுத்து மீதிகளை வரிசையாக எழுதினால் அவை ஒரு சுழற்சியில் வரும். 17-ஆல் வகுத்தால் மீதிகள் 2, 4, 8, 16, 15, 13, 9, 1. அப்புறம் திரும்பவும் 2, 4, 8... சுழற்சியின் நீளம் 8. அது 17 − 1 = 16-ஐ மீதியில்லாமல் வகுக்கிறது. இது தற்செயல் இல்லை: சுழற்சி நீளம் எப்போதும் பகா எண்ணில் ஒன்று குறைந்த எண்ணை வகுக்கும். இந்தத் தேற்றம் ஃபெர்மாவுடையது. அவருடைய ஊகத்தை உடைக்கப் பயன்பட்ட கருவி அவர் பட்டறையிலிருந்தே வந்தது.

இனி வாதம்:

1. 4294967297-ஐ ஒரு பகா எண் வகுக்கிறது என்று கொள்வோம். அந்த எண்ணால் 2³²-ஐ வகுத்தால் மீதி −1.
2. இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-இன் மீதி 1.
3. ஆகவே சுழற்சியின் நீளம் 64-ஐ வகுக்க வேண்டும். 32-ஆகவோ அதற்கும் குறைவாகவோ இருந்தால் 2³²-இன் மீதி 1 ஆகியிருக்கும். அப்படி இல்லை என்பதால் நீளம் சரியாக 64.
4. அப்படியானால் அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் 64-ஆல் வகுபட வேண்டும்.

ஆக, 64-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய எண்களை மட்டும் பார்த்தால் போதும்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் 65, 129, 321, 385, 513 ஆகியவை பகு எண்கள், தள்ளிவிடலாம். மிச்சம் ஐந்தே ஐந்து. 193-ஆல் வகுத்தால் மீதி 109. 257-ஆல் வகுத்தால் 2. 449-க்கு 325, 577-க்கு 288. ஐந்தாவது முயற்சியில் 641.

அந்த ஐந்தாவது வகுத்தலைக்கூடப் பத்து இலக்க எண்ணை வைத்துச் செய்ய வேண்டியதில்லை. 2¹⁶ = 65536. அதில் 641 × 102 = 65382 போனால் மீதி 154. அதை வர்க்கப்படுத்தினால் 154 × 154 = 23716. ஒன்றைக் கூட்டினால் 23717. அது 641 × 37. மீதி இல்லை, முடிந்தது.

1878-இல் எட்வார்ட் லூக்கா இந்த வடிகட்டியை இன்னும் இறுக்கினார். காரணிகள் 64-இன் மடங்கோடு அல்ல, 128-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகவே இருக்கும் என்று காட்டினார். அதை வைத்துப் பார்த்தால் 641 வரை சோதிக்க வேண்டியவை 257, 641 என்ற இரண்டே எண்கள்.

இதே வடிகட்டி இன்னொரு கேள்வியையும் முடித்துவைக்கிறது. மற்றக் காரணியான 6700417 பகா எண்தானா? அதற்கு ஏதாவது காரணி இருந்தால் அது மூல எண்ணுக்கும் காரணி, எனவே அதே வடிவத்தில் இருக்க வேண்டும். 6700417-இன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதற்குள் அந்த வடிவத்தில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டும். ஐந்தாலும் வகுபடவில்லை. ஏழு இலக்க எண் ஒன்று பகா எண் என்று ஐந்து வகுத்தல்களில் முடிவாகிவிடுகிறது.

## வகுக்காமலே நிரூபிக்கலாம்

641 காரணி என்று தெரிந்த பிறகு அதைக் காட்ட ஒரு குறுக்குவழி உண்டு. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம் என்பதுதான் சூட்சுமம்:

1. 641 = 5 × 128 + 1. எனவே 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1.
2. 641 = 625 + 16. எனவே 5⁴-இன் மீதி −2⁴-க்குச் சமம்.
3. முதல் வரியை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1.
4. அதில் 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴-ஐப் போட்டால் −2³²-இன் மீதி 1 என்றாகிறது.
5. அதாவது 2³² + 1 மீதியில்லாமல் வகுபடுகிறது.

அழகான நிரூபணம், ஆனால் கண்டுபிடிக்க உதவாது. 641 என்று யாராவது முன்கூட்டியே சொன்னால்தான் இதை எழுத முடியும். கணிதப் புத்தகங்களில் இதை மட்டும் படித்துவிட்டு ஆய்லருக்கு ஏதோ ஞானதிருஷ்டி இருந்ததாக நினைப்பவர்கள் உண்டு. உண்மையான உழைப்பு மேலே பார்த்த வடிகட்டலில்தான் இருக்கிறது.

## இரண்டு வர்க்கங்களின் கூட்டல்

இந்த எண்ணை உடைக்க வேறொரு வழியும் ஆய்லரிடமிருந்தே வருகிறது. 2³² என்பது 65536-இன் வர்க்கம். ஆகவே

4294967297 = 65536² + 1²

என்று பார்த்தவுடனே எழுதிவிடலாம். அதே எண்ணை இப்படியும் எழுதலாம்:

4294967297 = 62264² + 20449²

சரிபார்க்க: 62264-இன் வர்க்கம் 3876805696, 20449-இன் வர்க்கம் 418161601. கூட்டினால் சரியாக வருகிறது.

ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிந்தால் ஒரே ஒரு விதத்தில்தான் முடியும். இங்கே இரண்டு விதம் கிடைத்துவிட்டது. எனவே இது பகா எண் இல்லை. அதோடு நிற்கவில்லை, இந்த இரண்டு வடிவங்களும் சேர்ந்து காரணிகளையே கக்கிவிடுகின்றன:

1. பெரிய எண்களின் வித்தியாசம்: 65536 − 62264 = 3272. கூடுதல்: 127800.
2. சிறிய எண்களின் வித்தியாசம்: 20449 − 1 = 20448. கூடுதல்: 20450.
3. இரு வித்தியாசங்களின் மீப்பெரு பொதுக் காரணி, அதாவது இரண்டையும் வகுக்கும் எண்களில் மிகப் பெரியது, 8. அதில் பாதி 4.
4. இரு கூடுதல்களின் மீப்பெரு பொதுக் காரணி 50. அதில் பாதி 25.
5. 4² + 25² = 16 + 625 = 641.
6. வித்தியாசங்களை 8-ஆல் வகுத்தால் 409, 2556. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 6700417.

பொதுக் காரணி கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய எண்களுக்கும் சுலபமான வேலை. சிரமமெல்லாம் அந்த இரண்டாவது வர்க்கக் கூட்டலைத் தேடுவதில்தான். ஒரே எண்ணுக்கு வர்க்கங்களைக் கொண்டு இரண்டு விதமான உறவு கிடைத்தால் காரணி உதிரும் என்ற பொது எண்ணம் இன்றைய காரணி தேடும் வழிமுறைகளிலும் வேறு உருவத்தில் உயிரோடு இருக்கிறது. அவை வர்க்கங்களின் கூட்டலுக்குப் பதில் வித்தியாசத்தைத் தேடுகின்றன.

## ஏமாற்றும் சோதனையும் ஏமாறாத சோதனையும்

காரணியைத் தேடாமலே ஓர் எண் பகா எண்ணா என்று சோதிக்க முடியுமா? முடியும். ஒரு பகா எண்ணில் ஒன்று குறைந்ததை அடுக்காக வைத்து 2-ஐ உயர்த்தினால் மீதி 1 வர வேண்டும் (பகா எண் 2-ஆக இல்லாத வரை). வராவிட்டால் அது பகா எண் இல்லை. வந்தால்? அங்கேதான் கவனம் தேவை.

நம் எண்ணில் ஒன்று குறைந்தது 2³². இது 64-இன் மடங்கு. 2⁶⁴-இன் மீதி 1 என்று முன்பே பார்த்தோம். எனவே அதன் எந்த மடங்கை அடுக்காக வைத்தாலும் மீதி 1-தான். சோதனையில் 4294967297 வெற்றி! இப்படிப் பகு எண்ணாக இருந்துகொண்டே தேறிவிடும் எண்களைப் போலிப் பகா எண்கள் என்பார்கள். ஃபெர்மா எண்கள் அனைத்துமே 2-ஐ வைத்துச் செய்யும் இந்தச் சோதனையில் தேறிவிடும். அவற்றின் பிறப்பே 2-ஐக் கொண்டு என்பதால், அவற்றிடம் 2-ஐ வைத்துக் கேள்வி கேட்பதில் பயனில்லை.

3-ஐ வைத்துக் கேட்டால் கதை மாறும். 1877-இல் பெப்பான் என்ற பிரெஞ்சுக் கணிதர் ஒரு திட்டவட்டமான சோதனையைத் தந்தார். 3-ஐத் தவிர்த்த எந்த ஃபெர்மா எண்ணுக்கும் இது பொருந்தும்: அந்த எண்ணில் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கி அதை அடுக்காக வைத்து 3-ஐ உயர்த்த வேண்டும். மீதி −1 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். இடைப்பட்ட சந்தேகமே கிடையாது.

17-க்குச் செய்து பார்க்கலாம். 16-இல் பாதி 8. 3⁸ = 6561. 17 × 386 = 6562. ஒன்று குறைகிறது, மீதி −1, பகா எண்.

4294967297-க்கு 3-இல் ஆரம்பித்து 31 முறை வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கடைசியில் வருவது 10324303. பகா எண்ணாக இருந்திருந்தால் 4294967296 வந்திருக்க வேண்டும். எனவே பகு எண். கேள்வி முடிந்தது.

ஆனால் 10324303 என்ற இந்த மீதியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதில் 641 தெரியாது. சோதனை "இது பகு எண்" என்று மட்டும் சொல்லும். எதன் பெருக்கல் என்று சொல்லாது. பகு எண் என்று அறிவதும் காரணியை அறிவதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். முதலாவது ஒப்பீட்டளவில் எளிது. இரண்டாவது எவ்வளவு கடினம் என்பதை எண் பெரிதாகப் பெரிதாகத்தான் உணர முடியும்.

## இடப்பக்கத்து எண்: அளவுகோலும் கவராயமும்

4294967295-ஐக் கவனிக்காமல் போனால் அநியாயம். அதன் ஐந்து காரணிகளும் அந்த ஐந்து ஃபெர்மா பகா எண்களேதான். 3 × 5 = 15, அதோடு 17-ஐப் பெருக்கினால் 255, 257-ஐப் பெருக்கினால் 65535, 65537-ஐப் பெருக்கினால் 4294967295. ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த ஃபெர்மா எண்ணைவிட இரண்டு குறைவாக வந்து நிற்கும்.

1796-இல் 18 வயது காஸ், அளவுகோலையும் கவராயத்தையும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரையலாம் என்று கண்டுபிடித்தார். பொது விதி இது: பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும், அதாவது எதுவும் இருமுறை வரக்கூடாது. வேறு எதுவும் முடியாது என்ற பகுதிக்கு 1837-இல் வான்ட்செல் நிரூபணம் தந்தார். தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்துதான் என்பதால் இப்படிப்பட்ட ஒற்றைப்படைப் பலகோணங்கள் 31. அவற்றில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். வரைந்தால் வட்டத்திலிருந்து வேறுபடுத்த முடியாது, ஆனால் கொள்கையளவில் வரையலாம். 4294967297 மட்டும் பகா எண்ணாக இருந்திருந்தால் இந்த 31 என்ற எண்ணிக்கை 63 ஆகியிருக்கும்.

பாஸ்கல் முக்கோணத்தில் (ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வொரு எண்ணும் அதற்கு மேலே உள்ள இரண்டின் கூடுதல்) ஒற்றைப்படை எண்களுக்கு 1, இரட்டைப்படை எண்களுக்கு 0 என்று போட்டு ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று வரும். முதல் 32 வரிகளில் கிடைப்பவை 4294967295-இன் 32 வகுத்திகள், ஏறுவரிசையில். 32-ஆவது வரி முழுக்க 1-களாக இருந்து 4294967295-ஐத் தருகிறது. 33-ஆவது வரியில் இரண்டு முனைகளில் மட்டும் 1, நடுவில் 31 பூஜ்யங்கள். அது 4294967297.

## கணினிக்குள் இந்த மூன்று எண்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஒரு பிட் 0 அல்லது 1. 32 பிட் இடத்தில் 2³² விதமான மதிப்புகளை எழுதலாம்: 0 முதல் 4294967295 வரை. 4294967296-ஐ வைக்க முயன்றால் 0 ஆகும். 4294967297-ஐ வைத்தால் 1.

- இணைய முகவரிகளின் நான்காம் பதிப்பில் முகவரிக்கு 32 பிட். எனவே மொத்தம் 429 கோடிச் சொச்சம். மத்தியக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன.
- மில்லிநொடிகளை 32 பிட்டில் எண்ணினால் 49 நாள் 17 மணி நேரத்தில் மீண்டும் பூஜ்யம் வரும். விண்டோஸ் 95-இலும் 98-இலும் கணினி அத்தனை நாள் அணைக்கப்படாமல் ஓடினால் உறைந்துபோகும் என்ற புகழ்பெற்ற குறைக்கு இதுவே காரணம்.

4294967297 பகு எண்ணாக இருப்பதற்கு ஒரு நேரடி விளைவும் உண்டு. 1991-இல் வெளிவந்த ஐடியா என்ற மறையாக்க முறை (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் முறை), 16 பிட் எண்களை 65537-ஆல் வகுத்த மீதியாகப் பெருக்குகிறது. 65537 பகா எண் என்பதால் அந்தப் பெருக்கலை எப்போதும் திருப்பிப் போட்டு மூல எண்ணை மீட்க முடியும். அதே வடிவமைப்பை 32 பிட்டுக்கு விரித்தால் 4294967297-ஆல் வகுக்க வேண்டியிருக்கும். அப்போது 641-இன் மடங்கு எதைக் கொண்டு பெருக்கினாலும் தகவல் தொலைந்துபோகும், திரும்ப எடுக்க வழியில்லை. 1732-இல் சொல்லப்பட்ட விடை 20-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு வடிவமைப்புக்குக் குறுக்கே வந்து நின்றது.

## அடுத்த எண்களில் என்ன ஆனது?

ஃபெர்மாவின் ஊகம் ஆறாவது எண்ணில் உடைந்தது. அதற்கப்புறமாவது எங்காவது பகா எண் கிடைத்ததா? இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

2⁶⁴ + 1-இன் காரணிகள் 274177, 67280421310721. இதை 1880-இல் லாண்ட்ரி வெளியிட்டபோது அவருக்கு வயது 80-ஐத் தாண்டியிருந்தது. அதற்கு முன்பே 1855-இல் கிளாவ்சன் இதைக் கண்டிருந்தார் என்பது பிற்பாடு தெரியவந்தது.

39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁸ + 1 இன்னும் சொல்லத்தக்கது. அது பகு எண் என்று பெப்பான் சோதனை வழியாக 1905-இலேயே தெரிந்துவிட்டது. காரணிகள் கிடைத்தது 1970-இல், கணினியின் துணையோடு. 65 ஆண்டுகள் அந்த எண் பகு எண் என்பது தெரியும், எதன் பெருக்கல் என்பது தெரியாது. ஆர்எஸ்ஏ போன்ற மறையாக்க முறைகள் இந்த இடைவெளியைத்தான் நம்பியிருக்கின்றன: இரண்டு பெரிய பகா எண்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குவது நொடியில் முடியும், பெருக்கலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவற்றைப் பிரிப்பதற்கு வழக்கமான கணினிகளுக்கான வேகமான வழி எதுவும் இதுவரை தெரியவில்லை. அதே ஆர்எஸ்ஏயில் பொதுச் சாவியின், அதாவது எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடப்படும் சாவியின், அடுக்காகப் பெரும்பாலும் வைக்கப்படுவது 65537. இரும வடிவில் இரண்டே 1-கள் என்பதால் 16 வர்க்கப்படுத்தலும் ஒரு பெருக்கலும் போதும்.

2-இன் அடுக்கு 2²⁴ ஆக உள்ள ஃபெர்மா எண் பகு எண் என்று 1999-இல் கணக்கிட்டுக் காட்டப்பட்டது. அதன் காரணி ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. அடுக்கு 2³² வரை உள்ள எல்லா ஃபெர்மா எண்களும், நம் 4294967297-இலிருந்து தொடங்கி, பகு எண்கள் என்று உறுதியாகியிருக்கிறது. அடுத்தது, அடுக்கு 2³³ ஆக உள்ளது, பகா எண்ணா பகு எண்ணா என்றே தெரியாத முதல் எண். அதில் 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். பெப்பான் சோதனையை அதற்குச் செய்ய வேண்டுமானால் அவ்வளவு நீள எண்களை ஏறத்தாழ 859 கோடி முறை அடுத்தடுத்து வர்க்கப்படுத்த வேண்டும். ஒன்று முடிந்தால்தான் அடுத்ததைத் தொடங்க முடியும், வேலையைப் பல கணினிகளுக்குப் பங்குபோட்டு வரிசையைக் குறைக்க வழியில்லை. நடைமுறையில் எஞ்சியிருப்பது ஆய்லரும் லூக்காவும் காட்டிய பழைய வழிதான்: 34359738368-இன் மடங்குகளோடு ஒன்றைக் கூட்டிக் கிடைக்கும் பகா எண்களை எடுத்து ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது. இதுவரை எதுவும் மாட்டவில்லை.